வலிவா, கபக்கெட்டா?

கேரள எல்லையிலிருக்கிற புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி மலையேறி இறங்கினால் நோயின் பெயர் மாறிவிடும். செங்கோட்டையில் நாங்கள் 'இளைப்பு' என்றும் 'வீசிங்' என்றும் சொல்கிற சங்கதி ஆரியங்காவு தாண்டிப் புனலூர் பக்கம் போனால் 'வலிவு'. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டால் அதற்குத் தனியாக ஒரு சொல், 'கபக்கெட்டு'. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அத்தையை அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், அவளுக்குப் பேச்சு வந்ததும் நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே "வலிவுண்டோ, கபக்கெட்டுண்டோ?" என்பதுதான். அத்தைக்குப் பாதி மலையாளம் தெரியும். செங்கோட்டைக்காரர்கள் எல்லோருக்குமே அந்தப் பாதி தெரியும், 1956 நவம்பர் வரை இது திருவிதாங்கூர் கொச்சிக்குள் இருந்த ஊர்தானே. "வலிவுதான், கபமொண்ணும் இல்ல" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். இருமினால் வெள்ளையாகக் கொஞ்சம் எச்சில் மாதிரி வரும், அதையெல்லாம் யார் சளி என்று கணக்கில் வைப்பார்கள்?

அத்தை சொன்னது தப்பு என்று பிறகு தெரிந்தது. ஆனால் அவளைக் குறை சொல்வதற்கில்லை, ஏனென்றால் ஆஸ்துமா ஆராய்ச்சியும் ஐம்பது அறுபது வருஷமாக ஏறக்குறைய இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வலிவு என்றால் இழுப்பு, துடுப்பு வலிப்பது என்று நாமும் சொல்கிறோமே அந்த வலி. மூச்சுக்குழாயைச் சுற்றி வளையம் வளையமாகத் தசை இருக்கிறது, அது இழுத்துப் பிடிக்கிறது, குழாய் சுருங்குகிறது, காற்று விசிலடித்துக்கொண்டு வெளியே வருகிறது. ஆஸ்துமா என்றால் இதுதான், சளி என்பது கூடவே வருகிற தொந்தரவு என்பதுதான் பொதுவான எண்ணம். கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த எண்ணம் நன்றாக ஆட்டம் கண்டிருக்கிறது. குழாய் அடைபடுவதில் சளிக்கும் பெரிய பங்கு இருக்கிறது, கடுமையான ஆஸ்துமாவில் சில பேருக்குப் பாதிக்கு மேலேயே இருக்கலாம் என்று நான் படித்தவரையில் சொல்வேன்.

வேடிக்கை என்னவென்றால் பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லேனெக் காலத்திலேயே ஆஸ்துமாக்காரர்கள் துப்புகிற முத்து மாதிரியான சளி உருண்டைகளைப் பற்றிப் பேச்சு உண்டு. 1880களில் ஜெர்மன் மருத்துவர் குர்ஷ்மான் சளியில் முறுக்கு முறுக்காகச் சுருண்டு கிடக்கிற இழைகளைப் பார்த்து எழுதினார், சின்னக் குழாய்களுக்குள் வார்த்தெடுத்த மாதிரி வந்தவை அவை. 1853இல் சார்கோவும் 1872இல் லைடனும் விவரித்த ஊசி மாதிரியான படிகங்களும் இதே சளிக்குள்தான். 1892இல் வந்த ஆஸ்லரின் மருத்துவப் பாடநூலிலும் அந்தப் பசை உருண்டைகள் இருக்கின்றன. ஆஸ்துமாவில் இறந்தவர்களின் நுரையீரலைத் திறந்து பார்த்த நோய்க்குறியியல் மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எழுதியதும் ஒன்றே: குழாய்களில் தக்கை மாதிரி சளி, கெட்டியாக, இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிற சளி.

அப்புறம் ஏன் மறந்தார்கள்? என் யூகம் எளிமையானது, அளக்க முடிந்ததுதான் அறிவியலாக நின்றது. தசையை ஒரு துண்டு வெட்டி எடுத்து உப்புத் தண்ணீரில் தொங்கவிட்டு மருந்து ஊற்றினால் சுருங்குவதும் தளர்வதும் கண்ணெதிரே தெரியும். 1969இல் சல்பூட்டமால் என்ற இன்ஹேலர் மருந்து வந்தது, இரண்டு பஃப் இழுத்தால் பதினைந்து நிமிஷத்தில் இளைப்பு அடங்குகிறது, ஊதிப் பார்க்கிற கருவியில் எண் ஏறுகிறது. மருந்துக்குப் பிறகு ஊதுகிற காற்றின் அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் ஏறினால் ஆஸ்துமா என்று பார்க்கிற வழக்கம் வந்ததும் இப்படித்தான். தசைக்கு மருந்து கொடுத்துத் தசை தளர்ந்தால் நோயே தசை நோய் என்று ஆகிவிடுகிறது. இந்தப் பாதையின் உச்சம் 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு சிகிச்சை, மூச்சுக்குழாய்க்குள் கம்பியை விட்டுச் சூடு காட்டித் தசையைக் குறைப்பது. சளியை மட்டும் உயிரோடிருக்கிற மனிதனுக்குள் பார்க்கவோ அளக்கவோ வழியில்லாமல் இருந்தது. துப்பினால் உண்டு, துப்பாவிட்டால் இல்லை. அத்தையின் கணக்கும் அதேதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், இந்த விஷயத்தில் என்னை உட்கார வைத்தது இதுதான். குழாய்க்குள் காற்று ஒழுங்காக ஓடும்போது, எதிர்ப்பு ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆரம் பாதியானால் எதிர்ப்பு 16 மடங்கு. சரி, ஆரம் 1 உள்ள ஒரு குழாய், உள்ளே சுற்றிலும் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குச் சளி பூசியிருக்கிறது என்று வையுங்கள். காற்றுக்குக் கிடைக்கிற ஆரம் 0.9, எதிர்ப்பு ஒன்றரை மடங்கு, பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆள் நடமாடிக்கொண்டிருப்பார். சளியே இல்லாமல் தசை மட்டும் இழுத்துக் குழாயைப் பாதியாக்கினால் 16 மடங்கு. இரண்டும் சேர்ந்தால்? 16ஐயும் ஒன்றரையையும் பெருக்கி 24 என்றுதான் தோன்றும். ஆனால் குழாய் சுருங்கும்போது சளி எங்கும் போகாது, அளவும் குறையாது. பரப்பளவில் பார்த்தால், முதல் குழாயின் மொத்த இடத்தை 1 என்று வைத்துக்கொண்டால், சளி முதலில் பிடித்திருந்த இடம் 0.19, சுருங்கிய குழாயின் மொத்த இடமே 0.25, காற்றுக்கு மிச்சம் 0.06. எதிர்ப்பு ஏறத்தாழ 278 மடங்கு. நிஜ மூச்சுக்குழாய் இவ்வளவு நேர்த்தியான உருளை இல்லை, உட்சுவர் மடிந்து சுருங்கும், கிளை பிரியும், எண் மாறும். ஆனாலும் ஒன்றரையும் பதினாறும் சேர்ந்து இருநூற்றுச் சொச்சம் ஆகிற கூத்து மாறாது.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. இளநீர் குடித்து முடித்த ஸ்ட்ராவைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே ஒரு சொட்டு குறுக்கே பாலம் போட்டு நிற்கும், ஊதினால்தான் போகும். மெல்லிய குழாயின் சுவரில் திரவம் ஒரு அளவுக்கு மேல் தடித்தால் பரப்பு இழுவிசையே அதை நடுவுக்கு இழுத்து மூடிவிடும். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்களில் இது நடந்தால் அந்தக் கிளைக்குக் கீழே காற்றே போகாது. காற்று போகாத இடத்துக்கு இன்ஹேலர் மருந்தும் போகாது, மருந்துக்குக் காற்றைத் தவிர வேறு வண்டி கிடையாதே.

அத்தைக்கு நடந்தது இது. ஆடி மாதச் சாரல், மூன்று நாளாக வெயிலே இல்லை, கணவாய் வழியாகக் காற்று வீட்டுச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தது. மாமா மர மில்லில் வேலை, சட்டை முழுக்க மரத்தூளோடு வருவார், அதுவும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் நெபுலைசர் வைத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். ராத்திரி பதினோரு மணிவரை நெஞ்சில் விசில் கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. அப்பாடா, அடங்கிவிட்டது என்று நாங்கள் படுத்தோம். விசில் நிற்பதற்கு இரண்டு காரணம் உண்டு, குழாய் திறந்திருக்கலாம், அல்லது விசிலடிக்கும் அளவுக்குக்கூடக் காற்று ஓடாமல் போயிருக்கலாம். இரண்டாவது ரகத்தை மருத்துவர்கள் 'சத்தமில்லாத நெஞ்சு' என்று பயந்துகொண்டு சொல்வார்கள். ஒரு மணிக்கு அத்தை உட்கார்ந்தபடி இரண்டு கையையும் கட்டில் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, பேச முடியாமல், உதடு கறுத்துப் போய் இருந்ததை மாமாதான் முதலில் பார்த்தார். கார் பிடித்து மலையேறி அந்தப் பக்கம் போனோம், அவர்கள் காப்பாற்றினார்கள்.

நான்காம் நாள் சி.டி. எடுத்தார்கள். டாக்டர் கணினித் திரையில் காட்டிய விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நுரையீரலின் குறுக்கு வெட்டில் மூச்சுக்குழாய் ஒரு கறுப்பு வட்டமாகத் தெரியும், ஒட்டியபடியே ஒரு வெள்ளைப் புள்ளி, அது ரத்தக்குழாய். கறுப்பும் வெள்ளையும் ஜோடி ஜோடியாகப் போகும். இடது கீழ் மடலில் ஓரிடத்தில் ஜோடி உடைந்திருந்தது, இரண்டுமே வெள்ளை. மவுஸை உருட்ட உருட்ட அந்த வெள்ளை ஒய் வடிவத்தில் கிளை பிரிந்து போயிற்று. "இது ரத்தக்குழாய் இல்லை, சளி" என்றார். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "சளியே வரலயே டாக்டர், பொறவு எங்க இருந்து அடைக்கும்?" என்றாள். வராததால்தான் அடைக்கிறது என்பது அவர் பதில்.

இந்த மாதிரிப் படங்களை வரிசையாக எண்ணிப் பார்த்தவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் ஃபாஹியும் அவருடைய குழுவும். டூனிகன் என்பவர் முதல் பெயராக 2018இல் வெளிவந்த அந்த ஆய்வில் 146 ஆஸ்துமாக்காரர்கள், 22 ஆரோக்கியமானவர்கள். நுரையீரலை 20 பகுதிகளாகப் பிரித்து எத்தனை பகுதியில் சளி அடைப்பு இருக்கிறது என்று மதிப்பெண் போட்டார்கள். ஆஸ்துமாக்காரர்களில் 58 சதவீதம் பேருக்கு ஒரு பகுதியிலாவது அடைப்பு, ஆரோக்கியமானவர்களில் ஒரே ஒருவருக்கு. கருவியில் ஊதிப் பார்க்கிற மூச்சளவு மோசமாகக் குறைந்தவர்களுக்கு மதிப்பெண்ணும் எகிறியிருந்தது. அடைப்பு உள்ளவர்களில் பலர் சளி துப்புகிறவர்களே இல்லை. வருஷங்கள் கழித்துப் படம் எடுத்தாலும் அதே பகுதியில் அடைப்பு அப்படியே இருந்தது. 2022இல் அதே குழு மூன்று வருஷ இடைவெளியில் பார்த்தபோதும் கதை மாறவில்லை, ஆனால் அடைப்பு குறைந்தவர்களுக்கு மூச்சளவு கூடியிருந்தது. படம் பிடிக்கத் தெரிந்தவுடன் நூறு வருஷத்துப் பிரேதப் பரிசோதனை அறிக்கைகள் உயிரோடு எழுந்து வந்த மாதிரி இருக்கிறது எனக்கு.

சரி, நல்ல சளி எது, கெட்ட சளி எது? நல்ல சளியில் 97, 98 சதவீதம் தண்ணீர்தான். மிச்சத்தில் முக்கியம் மியூசின் என்கிற நீளமான சர்க்கரைப் புரதங்கள். அவற்றில் இரண்டுதான் நமக்கு வேண்டும், மக் 5பி, மக் 5ஏசி. மக் 5பி அன்றாடக் காவல்காரன், தூசியையும் கிருமியையும் பிடித்து வைத்துக்கொள்ளும், கீழே நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைகிற நுண்மயிர்கள் அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடும், நாம் தெரியாமலே விழுங்கிவிடுவோம். 2014இல் மக் 5பி இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள், தூசி தள்ளப்படாமல் தேங்கி, நோய்த்தொற்று வந்து செத்தன. ஆகவே சளியே கூடாது என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள். ஆஸ்துமாவில் பெருகுவது மக் 5ஏசி. ஒவ்வாமை வந்தால் இன்டர்லூக்கின் 13 என்கிற சமிக்ஞை மூச்சுக்குழாயின் உட்சுவர் செல்களைச் சளி சுரக்கும் செல்களாகவே மாற்றிவிடுகிறது, அவை மக் 5ஏசியைக் கொட்டுகின்றன. 2016இல் இன்னொரு விவரம் வந்தது: இந்த மக் 5ஏசி சுரந்த செல்லை விட்டுப் பிரியாமல் நூல் மாதிரி அதோடு ஒட்டிக்கொண்டே நிற்கிறது, நுண்மயிர் எவ்வளவு தள்ளினாலும் நகர்வதில்லை. வேட்டியில் ஒட்டிய பலாப்பால் மாதிரி.

இதில் எனக்குப் பிடித்த பரிசோதனை 2015இல் வந்தது, கிறிஸ்டோபர் எவன்ஸ் குழுவினுடையது. மெத்தகோலின் என்று ஒரு மருந்து, தசையை நேராகப் போய் இழுக்க வைக்கும், ஆஸ்துமாவைச் சோதிப்பதற்கே பயன்படுகிறது. ஒவ்வாமை ஏற்றிய எலிக்கு அதைக் கொடுத்தால் மூச்சு அடைத்துப்போகும். மக் 5ஏசி மட்டும் இல்லாத எலிகளுக்கும் அதே ஒவ்வாமையை ஏற்றி அதே மெத்தகோலினைக் கொடுத்தார்கள். அழற்சி இருந்தது, தசையும் இருந்தது, ஆனால் அந்த அடைப்பு வரவில்லை. தசைச் சோதனை என்று இத்தனை காலம் நாம் நினைத்திருந்த சோதனையில் சளியும் ஒளிந்திருந்திருக்கிறது. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள், அந்த 278இலிருந்து சளியை உருவினால் 16தான் மிஞ்சும்.

சளி ஏன் ரப்பர் மாதிரி ஆகிறது என்பதற்கும் விடை ஓரளவு கிடைத்திருக்கிறது. இயோசினோபில் என்கிற வெள்ளையணு ஆஸ்துமாவில் கூட்டமாக வரும். அதிலுள்ள ஒரு நொதி ஒருவகை அமிலத்தை உண்டாக்க, அது மியூசின் இழைகளிலுள்ள கந்தகப் பிடிகளை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்குவது மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஏறக்குறைய அதே வேதியியல். அப்புறம் சார்கோவும் லைடனும் பார்த்த படிகங்கள், அவை இயோசினோபிலிலிருந்து வருகிற காலெக்டின் 10 என்ற புரதம். வெறும் குப்பை என்று நினைத்திருந்தார்கள். 2019இல் பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் அந்தப் படிகங்களே அழற்சியைத் தூண்டிச் சளியைப் பெருக்குகின்றன என்று காட்டினார்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த இயோசினோபில் கூட்டத்தாலேயே சளி மஞ்சளாகவும் லேசாகப் பச்சையாகவும் வரலாம். மஞ்சள் கண்டாலே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிற பழக்கம் இரண்டு பக்கத்து மருந்துக்கடையிலும் உண்டு. கிருமியே இல்லாமலும் அந்த நிறம் வரும்.

மருந்துக்கு வருவோம். எங்கள் ஊர் வேலியெங்கும் ஆடாதொடை, இருமலுக்கு அதன் இலையைக் கஷாயம் வைக்காத வீடு இல்லை. அந்த இலையிலுள்ள வாசிசினைப் பார்த்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கியைச் செய்தார்கள், அது உடம்புக்குள் மாறி வருவதுதான் அம்ப்ராக்சால், பல இருமல் டானிக் பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தால் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். பெருமைப்படலாம், ஆனால் செல்லோடு ஒட்டிக் கந்தகப் பிடி போட்ட ஆஸ்துமாத் தக்கையை இவை கரைத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது, ஆவி பிடிப்பதும் அப்படித்தான். கந்தகப் பிடியை உடைக்கிற அசிட்டைல்சிஸ்டீனை ஆஸ்துமாக்காரருக்கு நெபுலைசரில் வைத்தால் குழாய் இன்னும் இறுகிப்போகக்கூடும். சல்பூட்டமால் தசையைத் தளர்த்தும், அவசரத்துக்கு அது வேண்டும், ஆனால் அதை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் அடியில் அழற்சியும் சளியும் தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டுகிற ஜினா அமைப்பு 2019இல் சல்பூட்டமால் மாதிரியான உடனடி நிவாரண இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுக்கும் முறையையே கைவிட்டது. அத்தை ஏழெட்டு வருஷமாக அந்த நீல பம்ப்பை மட்டும்தான் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள். அழற்சியைக் குறைக்கிற ஸ்டீராய்டு பம்ப் தினமும் வேண்டும் என்றால், "நல்லா இருக்கும்போது எதுக்கு மருந்து?" என்பாள்.

புதிதாக வந்திருக்கிற ஊசிகள் இந்த இடத்தில்தான் சுவாரஸ்யமாகின்றன. மெப்போலிசுமாப், பென்ராலிசுமாப் இரண்டும் இயோசினோபிலைக் குறி வைப்பவை, டுப்பிலுமாப் இன்டர்லூக்கின் 4, 13 வழியை அடைப்பது, டெசெபெலுமாப் இன்னும் மேலே போய்ச் சுவரிலிருந்து கிளம்புகிற எச்சரிக்கையையே நிறுத்துவது. டெசெபெலுமாப் போட்டவர்களுக்குச் சளி அடைப்பு மதிப்பெண் குறைந்ததைச் சி.டி. படத்திலேயே காட்டியிருக்கிறார்கள், டுப்பிலுமாப்பிலும் அப்படி. விலை நம் ஊர்க் குடும்பம் மாதாமாதம் தாங்குகிற விலை இல்லை. 2022இல், சளி செல்லிலிருந்து மியூசின் மொத்தமாகக் கொட்டுவதை மட்டும் தடுக்கிற ஒரு சின்னப் புரதத் துண்டை எலிகளில் சோதித்து எழுதினார்கள். காவல்காரன் மக் 5பி வேலை செய்யட்டும், கொட்டித் தள்ளுவது மட்டும் நிற்கட்டும் என்கிற யோசனை, எனக்கு இதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது, ஆனால் எலியிலிருந்து மனிதனுக்கு வருகிற தூரம் புளியரையிலிருந்து பக்கத்திலிருக்கிற கோட்டைவாசல் தூரம் இல்லை.

நம் பக்கத்து ஈரத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு ஒவ்வாமை வந்தால் ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்குப் பெரிய குழாய்களிலேயே கெட்டிச் சளி அடைத்துக்கொள்ளும், சி.டி.யில் தசையைவிட வெளுப்பாகத் தெரிகிற அளவுக்குக் கெட்டி. எக்ஸ்ரேயில் நிழலைப் பார்த்துவிட்டு டி.பி. என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுக்கப்படுவது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது. அத்தைக்கும் அந்தப் பூஞ்சை ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது.

ஸ்டீராய்டு பம்ப்பை இப்போது ஒழுங்காக எடுக்கிறாள், அந்த ராத்திரியின் பயம் இன்னும் விட்டபாடில்லை. இந்த வருஷம் சாரல் தொடங்குமுன் இரண்டாவது சி.டி. எடுத்தோம். முதல் படத்தில் நுரையீரலின் மேல்பக்கம் இருந்த வேறு இரண்டு அடைப்பு போயிருந்தது. இடது கீழ் மடலில் அந்த ஒய் வடிவ வெள்ளை அதே இடத்தில், ஒரு கிளை மட்டும் குட்டையாகி. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "ஏ மருமவனே, அது அதே பழைய சளியா, இல்ல புதுசு புதுசா வந்து அங்கேயே அடைக்குதா?" என்று கேட்டாள். படம் அதைச் சொல்லாது அத்தை, இடத்தைத்தான் காட்டும் என்றேன். தென்மலை வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தாள்.